படகின் பெயர் தாங்கிய துறைகள்

2017 மார்ச் 8ஆம் தேதி காலை, காற்றும் அலையும் ஓயாமல் மோதிக்கொண்டிருந்த நேரத்தில், மால்ட்டா நாட்டின் கோசோ தீவில் 'நீல ஜன்னல்' என்று உலகம் அறிந்திருந்த சுண்ணாம்புப் பாறை வளைவு கடலில் விழுந்தது. சுமார் 28 மீட்டர் உயரம் கொண்ட அந்த வளைவைத் திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் பார்த்துப் பழகியவர்கள் பல நாடுகளில் வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அதோடு சேர்ந்து ஓர் எண்ணமும் பரவியது. அந்தக் கரையின் பெருமை அதன் அழகு, பார்த்து மகிழ்வதற்கென்றே இயற்கை அதைச் செதுக்கி வைத்தது என்ற எண்ணம் அது. கோசோவின் வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. வெறும் 67 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவின் குடாக்களும் பாறைகளும் நெடுங்காலம் மனிதர்கள் காவல் காத்த, அஞ்சிய, அடைத்து வைத்த இடங்கள். இன்று நாம் இயற்கைச் சின்னம் என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை அந்த அச்சமும் தேவையும் விட்டுச்சென்ற தடங்கள்.

முதல் சான்று பெயர்களிலேயே கிடைக்கிறது. மால்ட்டா மொழி அரபியிலிருந்து கிளைத்தது. அதன் ஊர்ப் பெயர்கள் இன்னும் பொருளை மறைக்காமல் பேசுகின்றன. தெற்குக் கரையில் உள்ள ம்ஜார் இஷ்-ஷீனி என்ற ஒடுங்கிய குடாவின் பெயருக்குத் துடுப்புப் போர்க்கப்பல்களின் துறை என்று பொருள். அருகிலுள்ள ஷ்லெண்டி என்ற பெயர் பைசாந்தியர்கள் ஓட்டிய ஒருவகைக் கப்பலின் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. நீல ஜன்னல் நின்ற, மேற்கே உள்ள த்வெய்ரா என்றால் சிறுவீடு. சிவந்த மணலுக்காக ராம்லா அல்-ஹம்ரா என்று நிறத்தால் பெயர் பெற்ற ஒரு குடாவும் உண்டு. அதைத் தள்ளிவிடவும் கூடாது. ஆனாலும் கப்பல், துறை, வீடு என்ற பெயர்களுக்குப் பின்னால் இருப்பது அங்கே இறங்கியவர்களும் பிழைத்தவர்களும்தான். தமிழில் 'துறை' என்ற சொல் நீரில் இறங்கும் இடத்தைக் குறிப்பதுபோல, இந்தப் பெயர்களும் யார் எங்கே இறங்கினார்கள் என்பதைத்தான் நினைவில் வைத்திருக்கின்றன.

இறங்கியவர்கள் எல்லாரும் மீனவர்களாக இருந்திருந்தால் இந்தக் கதை வேறு. 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்ட்டாத் தீவுகளைப் புனித யோவான் வீரர் சபைக்குக் கொடுத்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் சபையின் கவனமும் காசும் பெரிய தீவின் துறைமுகத்திலேயே குவிந்தன. கோசோவுக்கென்று இருந்தது நடுமேட்டில் ஒரு பழைய கோட்டை. 1551 ஜூலையில் சினான் பாஷாவும் துர்குத் ரெய்சும் நடத்திய ஒட்டோமான் கடற்படை மால்ட்டாவை விட்டு கோசோவுக்குத் திரும்பியது. கோட்டை சில நாள்களில் பணிந்தது. சுமார் 5,000 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அன்றைய கோசோவில் ஏறக்குறைய எல்லாருமே என்று சொல்லிவிடலாம். அவர்களைக் கப்பலேற்றிய துறை ம்ஜார் இஷ்-ஷீனி என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இன்று நீந்துபவர்கள் துணி விரித்து இளைப்பாறும் அந்தக் கூழாங்கல் கரையை இந்தச் செய்தியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு தலைமுறை மக்கள் அங்கிருந்து போனார்கள், பெரும்பாலோர் திரும்பவில்லை. அதன் பிறகும் நெடுநாள் தீவு அஞ்சியே உறங்கியது. கடல் அமைதியாகிக் கொள்ளையர் வரக்கூடிய மாதங்களில் மக்கள் இரவில் கோட்டைக்குள் வந்து தங்க வேண்டும் என்ற சட்டம் 1637 வரை நடைமுறையில் இருந்தது. பகலில் வயல், இரவில் மதில் என்று வாழ்ந்தவர்களுக்குக் குடா என்பது காட்சியாக இருந்திருக்க முடியாது. வீட்டில் தாழிடாத கதவு எப்படியோ அப்படித்தான் அது இருந்திருக்கும்.

அந்தக் கதவுகளுக்கு ஒவ்வொன்றாகத் தாழ் போட்ட வேலையே பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளின் கரை வரலாறு. ஷ்லெண்டிக்கு 1650இல் காவற்கோபுரம் எழுந்தது, த்வெய்ராவுக்கு 1652இல், ம்ஜார் இஷ்-ஷீனிக்கு 1661இல். ராம்லாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எதிரிப் படகு மணலைத் தொடாதிருக்கக் குடாவின் குறுக்கே நீருக்கடியில் ஒரு சுவரையே கட்டினார்கள். இத்தனை செய்தும் 1798 ஜூன் 10 அன்று பிரெஞ்சுப் படை அந்தப் பக்கத்திலேயே கரையேறியது. படைத்தலைவர் ரெய்னியே மணற்கரையைத் தேர்ந்தெடுக்கவில்லை. பக்கத்திலிருந்த செங்குத்தான ர்தூம் இல்-க்பீர் மேட்டின் அடியில் தம் ஆட்களை இறக்கினார். சுவர் எங்கே இருக்கிறதோ அங்கே எதிரி வரமாட்டான் என்பதை அன்று கோசோ பார்த்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். காவற்கோபுரங்கள் அரசு கட்டியவை, அரசு எழுதி வைத்த ஆவணங்களில் அச்சமே நிறைந்திருக்கும். மீன் பிடித்தவனும் உப்பு எடுத்தவனும் கரையை வேறு கண்ணால் பார்த்திருப்பார்கள் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வடகரையில் ஷ்வெய்னி பக்கம் மென்மையான மஞ்சள் பாறையில் சதுரம் சதுரமாகக் கிண்டப்பட்ட உப்புப் பாத்திகள் இன்றும் உண்டு. கோடையில் கடல்நீர் அவற்றில் வற்றி வெள்ளைப் பொருக்காகப் படிகிறது, அதை விளக்குமாற்றால் கூட்டிக் குவிக்கிறார்கள். ஆனால் இந்த உழைப்பும் காவலை விட்டு விலகி நிற்கவில்லை. த்வெய்ராக் கோபுரத்தில் காவலுக்கு நின்றவர்களே அதன் முன்னால் பாறையில் பாத்தி வெட்டி, உப்பு விற்றுச் செலவைச் சரிக்கட்டினார்கள். ஒரே கைகள்தான் பீரங்கிக்கு மருந்திட்டன, உப்பையும் வாரின. ஆகவே மீனவன் கண்ணுக்கும் அந்தக் கரை வேலைக்களமாகவே பட்டிருக்கும், அழகு அதற்குப் பிறகுதான்.

த்வெய்ராக் கோபுரத்துக்குக் கொள்ளையரைக் கண்காணிப்பதைத் தவிர, காக்க வேண்டிய பொருள் ஒன்றும் இருந்தது. குடாவின் வாயில் தனித்து நிற்கும் பாறை அது, சுமார் 60 மீட்டர் உயரம், சுற்றிலும் செங்குத்து. மால்ட்டா மொழியில் இல்-ஜெப்லா தல்-ஜெனரல், அதாவது தளபதியின் பாறை. வீரர் சபையின் கப்பற்படைத் தளபதி ஒருவர் அதன் உச்சியில் ஒரு செடியைக் கண்டதாகச் சொல்வதால் அந்தப் பெயர். செடி விசித்திரமானது. இலை இல்லை, பச்சை நிறம் சிறிதும் இல்லை. வேறு செடிகளின் வேரில் ஒட்டி அங்கிருந்தே உணவை உறிஞ்சும் ஒட்டுண்ணி அது, இளவேனிலில் மட்டும் கருஞ்சிவப்பான உருண்ட கழிபோல மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வரும். பார்த்தவர்கள் காளான் என்று நினைத்தார்கள், 'மால்ட்டாக் காளான்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அது பூக்கும் தாவரம். இரத்தத்தின் நிறம் கொண்டது இரத்தப்போக்கை நிறுத்தும் என்று அன்றைய ஐரோப்பிய மருத்துவம் நம்பியது, ஒரு பொருளின் உருவமும் நிறமுமே அதன் குணத்தைச் சொல்லிவிடும் என்ற கொள்கைப்படி. காயத்துக்கும் இரத்தக் கழிச்சலுக்கும் அதைக் கொடுத்தார்கள், அரச குடும்பங்களுக்குப் பரிசாகவும் அனுப்பினார்கள். சிசிலியின் தாவரவியலாளர் போக்கோனே 1674இல் அதைப் பற்றி எழுதினார். லின்னேயஸின் மேற்பார்வையில் 1755இல் அதைப் பற்றி ஓர் ஆய்வே வெளிவந்தது.

1746இல் சபைத் தலைவர் பிந்தோ அந்தப் பாறைக்கு யாரும் போகக் கூடாது என்று ஆணையிட்டார். மீறியவனுக்குத் தண்டனை போர்க்கப்பலில் துடுப்பு வலிப்பது. செடி பறிக்கப் போகும் சபையின் ஆட்களை மட்டும் கரையிலிருந்து பாறைக்குக் கயிறு கட்டி, அதில் தொங்கும் பெட்டியில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். அலை கொந்தளிக்கும் நீருக்கு மேலே, ஒரு சிவந்த செடிக்காக, உயிரைக் கயிற்றில் தொங்கவிட்ட அந்த ஏற்பாட்டை நினைத்துப் பார்க்கும்போது, கோசோவின் பாறைகளிலேயே அதிகம் வரலாறு சுமப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீல ஜன்னலைத் தேடி வந்தவர்களில் எத்தனை பேர் தெற்கே திரும்பி இதைக் கவனித்திருப்பார்கள்?

பொய்யான மருத்துவ நம்பிக்கைக்காகப் பூட்டியதைப் பாதுகாப்பு என்று சொல்லலாமா என்று ஒருவர் கேட்கலாம். பிந்தோவின் நோக்கம் தனியுரிமை என்பதை மறுக்க முடியாது. அந்தச் செடி மத்தியதரைக் கடலோரங்களிலும் ஆசியாவின் உள்நாடுகளிலும் பரவலாக வளர்வது, ஆகவே அரியது என்ற எண்ணமும் தவறு. ஐரோப்பிய மருத்துவம் பின்னர் அதைக் கைவிட்டுவிட்டது. ஆனால் பாறையில் கால் வைக்கக் கூடாது என்ற கட்டளையின் பயன், கட்டளைக்குச் சொன்ன காரணத்தைவிட நீண்டு நின்றது. அங்கே மட்டுமே வாழும் ஒரு பல்லிக் கிளையினம் இன்றும் இருக்கிறது. 1992இல் மால்ட்டா அரசு பாறையை இயற்கைக் காப்பிடமாக அறிவித்தபோது புதிதாக எதையும் மூட வேண்டியிருக்கவில்லை, பழைய பூட்டுக்குப் புதிய காரணம் எழுதியது, அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு நிலவியலிலிருந்து வருவது. த்வெய்ராவில் பாறைக்குள் குடைந்திருந்த பெருங்குகைகளின் கூரை இடிந்து வட்டமான பள்ளங்கள் உண்டாயின. ஒரு பள்ளத்தின் கடற்சுவர் உடைந்து குடாவானது, எஞ்சிய துண்டே தளபதியின் பாறை. அடுத்த பள்ளம் உள்நாட்டுக் கடல் என்ற குளம், சுமார் 80 மீட்டர் நீளச் சுரங்கம் அதைக் கடலோடு சேர்க்கிறது. இதில் எந்த வீரர் சபைக்கும் பங்கில்லை, உண்மை. மனிதன் பாறையைச் செய்யவில்லை, எதை விட்டுவைப்பது, எதில் ஏறி நிற்பது என்பதை மட்டும் முடிவு செய்தான். நீல ஜன்னலின் மேல் நடக்கத் தடையும் 1,500 யூரோ அபராதமும் விதிக்கப்பட்டது, வளைவு விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான். அதைக் காப்பாற்ற அந்தத் தடையால் முடிந்திருக்காது. கடலின் அரிப்பு காலடிகளைவிடப் பெரியது. ஆயினும் முன்பு தளபதியின் பாறையைக் காவல் காத்த அதே கரையில், பக்கத்தில் நின்ற வளைவின் உச்சியில் பல ஆண்டுகள் மக்கள் படம் எடுக்க நடந்துகொண்டே இருந்தார்கள். இப்போது அந்த வளைவின் துண்டுகள் கடலடியில் கிடக்கின்றன, முக்குளிப்பவர்கள் அவற்றிடையே நீந்துகிறார்கள். 1652இல் கட்டிய கோபுரம் மேலே நிற்கிறது, அதன் எதிரே தளபதியின் பாறையும்.