இரு பெட்டிகளும் ஒரு கம்பியும்

வடபுலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பை நேயர்கள் அறிவார்கள். தில்லியில் 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய ஒளிபரப்பு, 1976 வரை வானொலியின் ஒரு கிளையாகவே நடந்து, பின்னர் தூர்தர்ஷன் என்ற பெயரில் தனிக்குடித்தனம் போயிற்று. 1980களில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் மாநில மொழிப் படங்கள் முறைவைத்து வந்தன. வங்காளம், மலையாளம், ஒரியா என்று பல மொழிகள் போன பின்னர் தமிழின் முறை வரும். அந்தப் பிற்பகலுக்காகவே பெட்டியைத் துடைத்து, துணி போர்த்திக் காத்த வீடுகள் பல. எம் வீடும் அவற்றுள் ஒன்று.

அக்காலப் பெட்டிக்கு வாயில் ஒன்றே. பின்புறத்தில் இரு திருகாணிகள் இருக்கும். மொட்டைமாடி ஆண்டெனாவிலிருந்து இறங்கும் தட்டையான இரட்டைக் கம்பியை அவற்றில் முடுக்கிவிட வேண்டும். நிலையத்திலிருந்து வரும் அலையைத் தவிர வேறெதையும் ஏற்க அப்பெட்டிக்குத் தெரியாது. ஆகவே, விளையாட்டுப் பொறி ஒன்றை அதனோடு இணைக்க விரும்பியவன், அப்பொறியையே ஒரு குறும் ஒளிபரப்பு நிலையமாக வேடம் புனைவித்தல் வேண்டியதாயிற்று.

அந்த வேடத்தை முதலில் கருதியவர் ரால்ஃப் பேர். 1922இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1938இல் நாஜிக் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். அஞ்சல்வழிப் பாடத்தில் வானொலி பழுதுபார்க்கக் கற்றுப் பின்னர் தொலைக்காட்சிப் பொறியியலில் பட்டம் பெற்றவர். புலம்பெயர்ந்தவர் கையிலிருந்து பிறந்த கலை இது என்பதை நாம் சற்று நின்று நோக்கலாம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் படைத்துறைக் கருவிகள் செய்யும் சாண்டர்ஸ் நிறுவனத்தில் பணிபுரிகையில், 1966 செப்டம்பர் முதல் நாள் நான்கு பக்கக் குறிப்பொன்றை அவர் எழுதினார். அமெரிக்க இல்லங்களில் கோடிக்கணக்கான தொலைக்காட்சிப் பெட்டிகள் உள்ளன; பார்ப்பதைத் தவிர அவற்றால் வேறு பயன் உண்டா என்பதே அவர் எழுப்பிய வினா. பில் ஹாரிசன், பில் ரஷ் என்னும் இருவர் துணையோடு 1968 அளவில் உருவான மாதிரிக்கு, மரநிறத் தாள் ஒட்டப்பட்டிருந்தமையால், பழுப்புப் பெட்டி என்ற பெயர் வழங்கிற்று.

மேக்னவாக்ஸ் நிறுவனம் அதனை 1972இல் ஒடிசி என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. ஒலி கிடையாது, நிறம் கிடையாது. வண்ணம் தீட்டிய மெல்லிய தாள்களைத் திரையின்மேல் ஒட்டிக்கொண்டு, அவற்றுக்குப் பின்னால் அசையும் வெள்ளைப் புள்ளிகளைக் கொண்டு ஆடவேண்டும். ஆனால் எம் கருத்தில், அப்பொறியைவிட வியப்பிற்குரியது அதனுடன் வந்த சிறிய இணைப்புப் பெட்டியே. ஆண்டெனாக் கம்பியும் பொறியின் கம்பியும் அதில் வந்து சேரும். அதிலிருந்து ஒரே இணை மட்டும் தொலைக்காட்சிக்குச் செல்லும். நடுவிலுள்ள தள்ளுவிசையை ஒருபுறம் தள்ளினால் நிலையம், மறுபுறம் தள்ளினால் விளையாட்டு. திருகாணியை ஒருமுறை முடுக்கினால் போதும். பின்னர் எவரும் அதைத் தொட வேண்டியதில்லை. பொறியின் அலை ஆண்டெனாவில் ஏறி அண்டை வீட்டார் திரையைக் கலைக்காமல் காத்ததும் அப்பெட்டியே.

பொறி பேசுவதற்கு 3 அல்லது 4ஆம் அலைவரிசை ஒதுக்கப்பட்டது. அடுத்தடுத்த இவ்விரு அலைவரிசைகளையும் ஒரே நகரில் இரு நிலையங்களுக்கு அமெரிக்கர் வழங்குவதில்லை. எனவே எந்த ஊரிலும் ஒன்றேனும் காலியாக இருக்கும். இத்துணை எளிதாக இருந்தும், மேக்னவாக்ஸ் பொறி மேக்னவாக்ஸ் தொலைக்காட்சியில்தான் இயங்கும் என்று மக்கள் பிழைபட எண்ணியமையால் விற்பனை குன்றிற்று. இணைப்பு எங்ஙனம் நிகழ்கிறது என்பதை ஒருவரும் அவர்களுக்கு விளங்கச் சொல்லவில்லை போலும்.

அண்டை வீட்டார் திரை கலங்கக்கூடாது என்பதில் அமெரிக்க அரசின் செய்தித்தொடர்பு ஆணையம் கண்டிப்புக் காட்டிற்று. 1977இல் வெளிவந்த அட்டாரியின் வயிற்றுக்குள் தடித்த அலுமினியக் கூடு இருந்தது அதன்பொருட்டே. 1979இல் டெக்சாஸ் நிறுவனம் தன் வீட்டுக் கணினியைத் தனித் திரையோடு சேர்த்து விற்க நேர்ந்ததும் அதனாலேயே.

இனி எம் கதைக்கு வருவோம். 1990ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பழைய அட்டாரிப் பொறியொன்றை எமக்கு அளித்துச் சென்றார். மின்னழுத்தத்தைக் குறைக்கும் பெட்டியை நினைவாகக் கொணர்ந்தவர், அந்த இணைப்புப் பெட்டியை மறந்துவிட்டார். எமக்கு அப்போது வயது பத்து. அடுத்த வீட்டுப் பஞ்சாபி இளைஞர் கம்பியின் நுனியைப் பிளந்து பற்றவைத்துக் கொடுத்தார். நாம் ஆண்டெனாக் கம்பியைக் கழற்றி, அதனிடத்தில் இதனை முடுக்கினோம்.

உடனே படம் வந்ததோ என்றால், இல்லை. அமெரிக்க முறையில் நொடிக்கு 60 புலங்கள், 525 வரிகள். நம் நாட்டு முறையில் 50 புலங்கள், 625 வரிகள். படம் நில்லாமல் மேலே ஓடிக்கொண்டேயிருந்தது. பின்புறத்துக் குமிழைத் திருகித் திருகி ஒருவாறு நிறுத்தினோம். எம்முடையது கறுப்பு வெள்ளைப் பெட்டியாதலால் நிறத்தைப் பற்றிய வழக்கு எழவில்லை. பொறியிலேயே அதற்கொரு விசை இருந்தது. ஒலி மட்டும் வரவேயில்லை. அமெரிக்கப் பொறி படத்திலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒலியை வைக்கிறது. நம் பெட்டியோ அதனை 5.5இல் தேடுகிறது. இக்கணக்கு அன்று எமக்குத் தெரியாது. ஊமை விளையாட்டே எமக்குப் பேரின்பமாக இருந்தது.

அந்த ஞாயிறு தமிழின் முறை. சனியிரவு கம்பியை அவசரமாகத் திரும்ப முடுக்குகையில் ஓரிழை முறிந்ததை நாம் கவனிக்கவில்லை. பிற்பகலில் திரை முழுதும் பனி பெய்தது. குரங்குகள் ஆண்டெனாவை அசைத்துவிட்டன என்று கருதி, எம் தந்தையார் ஜூன் மாத வெயிலில் மாடியேறினார். "இப்போது தெரிகிறதா?" என்று அவர் மேலிருந்து கேட்க, "இல்லை" என்று அன்னையார் கீழிருந்து கூற, அரைமணி நேரம் கழிந்தது. படம் பார்க்க வந்திருந்த மூன்று தமிழ்க் குடும்பத்தாரும் காபி அருந்திவிட்டு எழுந்து போயினர். காரணம் எமக்குத் தெரிந்திருந்தும் நாம் வாய் திறக்கவில்லை. மறுநாள் தந்தையார் பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது, முறிந்த கம்பி தானே சாட்சி சொல்லிற்று. அவர் அடிக்கவில்லை. பொறியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, "தமிழுக்கு அடுத்த முறை எப்போதோ" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் பெட்டிகளுக்கு வாயில்கள் பெருகின. மஞ்சள், வெள்ளை, சிவப்பு எனத் துளைகள் வந்தன; படமும் ஒலியும் வேடமின்றி நேரே நுழைந்தன. ஜப்பானில் 1983இல் வெளிவந்த ஃபாமிகாம் பொறியின் படிகள் 1990களில் பாலிகா பஜாரிலும் குவிந்தன. 2002இல் வகுக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. என்னும் எண்முறை இணைப்பு, நாளடைவில் பழைய துளைகளையெல்லாம் விரட்டிற்று. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4 பொறியில் அவ்வாயில் ஒன்றே படத்திற்கு உண்டு.

சென்ற விடுமுறையில் எம் மகள் அத்தகைய பொறியோடு கும்பகோணம் வந்தாள். ஓய்வுபெற்றுத் தந்தையார் அங்கு வாழ்கிறார். கண்ணாடிக் குழாய் கொண்ட வண்ணப் பெட்டியை இன்றும் கைவிடவில்லை. தீப்பெட்டி இரண்டனைய மாற்றுப்பெட்டியொன்றை வாங்கி இடையில் வைத்தோம். எண்களாக வரும் படத்தை அது பழைய அலையாக்கி மஞ்சள் துளைக்கு அனுப்புகிறது. முதலில் படம் நிறமிழந்து தோன்றிற்று. மாற்றுப்பெட்டியின் விலாவில் ஒரு சிறு விசை: ஒருபுறம் அமெரிக்க முறை, மறுபுறம் நம் முறை. முப்பதாண்டுக்கு முன் எம்மை அலைக்கழித்த அதே வழக்கு! விசையைத் தள்ளினோம், நிறம் பூத்தது. அகலப் படம் குறுகியதால் வீரர்கள் ஒட்டடைக்கோல்போல் நீண்டிருந்தனர்; எழுத்துகளைப் படிக்க இயலவில்லை. மகளுக்கு அது பெருங்குறை.

தந்தையார் நாற்காலியில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் எழுந்து, பெட்டியின் பின்புறம் குனிந்து, கேபிள் கம்பி இருந்த இடத்தில் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மீண்டும் அமர்ந்தார்.