மூட்டுவலிக்குக் கொலாஜன்: பலன் எவ்வளவு? ஹலால் எது?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

செங்கோட்டைப் பகுதிப் பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்குப் பிறகு நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளில் அண்மைக்காலமாக ஒன்று அடிக்கடி வருகிறது. "ஹஜ்ரத், உம்மாவுக்கு முட்டுவலி. சபுர்ல இருக்கிற தம்பி கொலாஜன் பவுடர் அனுப்பியிருக்கான். குடிக்கலாமா?" என்பதே அது. இதில் உண்மையில் இரண்டு கேள்விகள் உள்ளன. அது பலன் தருமா என்பது ஒன்று. அது ஹலாலா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடை தெரியாமல் இரண்டாவதற்கு முழுமையாகப் பதில் சொல்ல முடியாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

கொலாஜன் என்றால் என்ன?

நம் உடலில் மிக அதிகமாக இருக்கும் புரதம் கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண், மூட்டுகளின் குருத்தெலும்பு எல்லாவற்றுக்கும் உறுதி தருவது அதுவே. தோலிலும் எலும்பிலும் பெரும்பாலும் முதல் வகைக் கொலாஜனும், மூட்டுக் குருத்தெலும்பில் இரண்டாம் வகைக் கொலாஜனும் உள்ளன.

இந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்ததில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் கோபிநாத் கர்த்தாவும், மூன்று இழைகள் கயிறுபோல முறுக்கிய வடிவமே கொலாஜன் என்பதை 1954-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அவர்களுடைய ஆய்வுக்கு அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உதவியது. அதற்குக் காரணம், தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முஸ்லிம் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் ஷாப்புகளில் பதனிட்டு வருவதும் இதே பொருளைத்தான்.

தோலையும் எலும்பையும் நீரில் நெடுநேரம் சூடாக்கினால் கொலாஜன் ஜெலட்டின் ஆகிறது. ஆட்டுக்கால் பாயா ஆறியதும் கெட்டியாகிவிடுவதற்கு இந்த ஜெலட்டினே காரணம். அதை நொதிகளால் மேலும் சிறு துண்டுகளாக்கினால், கடையில் விற்கும் 'கொலாஜன் பெப்டைடு' பவுடர் கிடைக்கிறது. இந்தத் தொழில் நமக்குத் தூரத்தில் இல்லை. புளியரை தாண்டிக் கேரளாவுக்குள் சென்றால், கொச்சி காக்கநாட்டில் 'நிட்டா ஜெலட்டின்' நிறுவனம் மாட்டெலும்பை மூலப்பொருளாகக் கொண்டு ஜெலட்டின் தயாரிக்கிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையமோ மீன் கழிவிலிருந்து கொலாஜன் பெப்டைடு எடுக்கும் முறையை உருவாக்கியுள்ளது.

குடித்தால் மூட்டுக்குப் போகுமா?

கொலாஜனைக் குடித்தால் அது அப்படியே முழங்காலில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. வயிறும் குடலும் அதை மற்றப் புரதங்களைப் போலவே அமினோ அமிலங்களாகவும் மிகச் சிறு துண்டுகளாகவும் உடைத்துவிடுகின்றன. அந்தச் சிறு துண்டுகளில் சில இரத்தத்தில் கலப்பது உண்மை. ஆனால் அவை தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளரச் செய்கின்றன என்பது மனிதர்களிடம் நிறுவப்படவில்லை.

ஆய்வுகள் சொல்வது இதுதான்:

• 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூட்டுவலியுள்ள 147 விளையாட்டு வீரர்கள் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு 24 வாரங்கள் தினமும் 10 கிராம் கொலாஜன் தரப்பட்டது. அவர்களுக்கு வலி ஓரளவு குறைந்தது. ஆனால் இவர்கள் இளம் வீரர்கள். முட்டு தேய்ந்த நம் பெரியவர்களின் நிலை வேறு.

• கோழியின் நெஞ்சுக் குருத்தெலும்பிலிருந்து, சிதைக்காமல் எடுக்கும் இரண்டாம் வகைக் கொலாஜன் தனி ரகம். அதன் அளவு நாளுக்கு 40 மில்லிகிராம் மட்டுமே. 2016-இல் முழங்கால் தேய்மானம் உள்ள 191 பேரிடம் 180 நாட்கள் நடந்த சோதனையில் வலி குறைந்ததாக முடிவு வந்தது. ஆனால் அந்தச் சோதனைக்கு அப்பொருளை விற்கும் நிறுவனத்தின் ஆதரவு இருந்தது.

• ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் ஆதாரங்களைப் பரிசீலித்து, கொலாஜன் பெப்டைடு மூட்டு நலனைக் காக்கிறது என்ற விளம்பரக் கூற்று நிறுவப்படவில்லை என்று முடிவு செய்தது.

இன்னொரு செய்தியையும் மனதில் வைக்க வேண்டும். குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் மாத்திரைகளைப் பற்றி 1,583 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2006-இல் வெளியானது. அதில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் சுமார் 60 சதவீதத்தினருக்கு வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. மூட்டுவலி தானே கூடும், தானே குறையும். நம்பிக்கையும் வலியைக் குறைக்கும். ஆகவே "பக்கத்து வீட்டு மாமி குடித்தார், சரியாகிவிட்டது" என்பது ஆதாரமாகாது.

சுருக்கமாகச் சொன்னால், சிலருக்குச் சில மாதங்களில் சிறிதளவு வலி குறையலாம். அதற்கு மேல் சொல்லப்படுவதெல்லாம் வியாபாரப் பேச்சு. நம் நாட்டுச் சட்டமும் இதை மருந்தாக ஏற்கவில்லை. இத்தகைய ஊட்டப்பொருள்களின் உறையில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது விதி. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது?

கொலாஜன் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே சட்டம் அமைகிறது.

மீன்: இதில் எந்தச் சிக்கலும் இல்லை. ஹலால். ஆனால் மீன் கொலாஜன் பெரும்பாலும் முதல் வகை. தோலுக்கென விற்கப்படுவதே அதிகம்.

முறைப்படி அறுக்கப்பட்ட மாடு, ஆடு, கோழி: ஹலால். ஆனால் 'மாடு', 'கோழி' என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. இஸ்லாமிய முறையில் அறுக்கப்பட்டதா என்பது தெரிய வேண்டும். எலும்பும் தோலும் பல இடங்களிலிருந்து திரட்டப்படும் பொருள்கள். எனவே நம்பகமான ஹலால் சான்று அவசியம்.

பன்றி: உலகச் சந்தையில் ஜெலட்டினுக்கும் கொலாஜனுக்கும் பன்றித் தோல் பெருமளவில் பயன்படுகிறது. வெளிநாட்டு டப்பாக்களில் கூடுதல் கவனம் தேவை.

"தோலும் எலும்பும் முற்றிலும் வேறு பொருளாக மாறிவிட்டதே, பிறகு எப்படி ஹராமாகும்?" என்று சிலர் கேட்கலாம். இதை ஃபிக்ஹில் 'இஸ்திஹாலா' என்பர். ஹனஃபி மத்ஹபில் ஒரு பொருள் முழுவதுமாக வேறொன்றாக மாறினால் தூய்மையாகும் என்ற விதி விரிவாக ஏற்கப்படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் மது தானாகக் காடியாவது போன்ற மிகச் சில இடங்களில் மட்டுமே ஏற்கப்படுகிறது. இறந்த பிராணியின் தோல் பதனிடுவதால் தூய்மையாகும் என்றாலும், அதை உண்ணலாம் என்று ஆகிவிடாது. பன்றித் தோலோ பதனிட்டாலும் தூய்மையாகாது.

இக்கால அறிஞர் அவைகளிலும் இதில் இரு கருத்துகள் உள்ளன. 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினை உணவில் பயன்படுத்தக் கூடாது என்றும், தாவரங்களிலும் முறைப்படி அறுத்த பிராணிகளிலும் மாற்று இருக்கிறது என்றும் முடிவு செய்தது. 1995-இல் குவைத்தில் நடந்த மருத்துவ ஃபிக்ஹ் கருத்தரங்கு, ஜெலட்டின் முற்றிலும் மாறிய பொருள் என்று கருதி அனுமதித்தது. ஆனால் கொலாஜன் பெப்டைடு, அதே புரதத்தின் துண்டுகளே. அதில் முழு மாற்றம் நிகழ்ந்ததாகச் சொல்வது கடினம். எனவே முதல் கருத்தே பேணுதலானது என்பது நம் நிலைப்பாடு.

நிர்ப்பந்தம் என்ற சலுகையும் இங்கே பொருந்தாது. நிர்ப்பந்தம் என்றால் மாற்று இருக்கக் கூடாது. பலன் உறுதியாக எதிர்பார்க்கப்பட வேண்டும். இங்கே மாற்றும் இருக்கிறது, பலனும் உறுதியில்லை. முதல் கேள்விக்கான விடை இரண்டாவதற்கு உதவுவது இந்த இடத்தில்தான்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. பழுப்பு நிற முக்கோணக் குறி இருந்தால் அது அசைவம் என்று மட்டுமே பொருள். ஹலால் என்று பொருளல்ல.
2. பச்சை வட்டம் இருந்தால் அதில் பிராணிக் கொலாஜன் கிடையாது. 'கொலாஜன் பில்டர்' என்ற பெயரில் வைட்டமின் சி போன்றவையே இருக்கும்.
3. உள்ளே இருப்பது மீன் கொலாஜன் ஆனாலும், மேலுள்ள கேப்ஸ்யூல் கூடு மாடு அல்லது பன்றி ஜெலட்டினாக இருக்கலாம். கூட்டையும் விசாரியுங்கள்.
4. சிறுநீரக நோய், மீன் அல்லது கோழி ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் பவுடரில் இனிப்பு சேர்த்துள்ளார்களா என்று பார்க்க வேண்டும்.

உறுதியாகப் பலன் தருபவை

மூட்டுத் தேய்மானத்திற்கு உலக மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் சொல்வது உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும்தான். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. நம் குடும்பங்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது இதமாக இருக்கும். தேய்ந்த குருத்தெலும்பை அது மீட்காது. ஆட்டுக்கால் சூப்பும் அப்படியே. நல்ல உணவு, ஆனால் மருந்தல்ல.

மூட்டு சிவந்து வீங்கினால், காய்ச்சல் சேர்ந்தால், காலையில் நெடுநேரம் விறைப்பு நீடித்தால் அது வெறும் தேய்மானமாக இல்லாமல் இருக்கலாம். பவுடரை நம்பி நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். நோய்க்கு மருந்து தேடுவது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி.

கடைசியாக ஒரு வார்த்தை. பெரியவர்கள் பலர் பவுடரைக் கேட்பதன் பின்னே, "தரையில் ஸஜ்தா செய்ய முடியவில்லையே" என்ற ஏக்கம் இருக்கிறது. நோயுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். முடிந்ததைச் செய்பவரின் தொழுகையில் குறையில்லை. பிள்ளைகளே, மாதாமாதம் டப்பா அனுப்புவதோடு கடமை முடிந்துவிடாது. ஊரில் இருக்கும்போது உம்மாவையும் வாப்பாவையும் கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாலையில் சிறிது தூரம் சேர்ந்து நடங்கள்.

அல்லாஹ் நம் பெற்றோருக்குப் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.