முயலும் சட்டமும்: இங்கிலாந்தின் வேட்டைச் சட்டங்கள் (1671 – 1880)

வேட்டைச் சட்டங்கள் வெளிப்பார்வைக்கு விலங்குகளைப் பற்றிய சட்டங்களாகவே தோன்றும். எந்த விலங்கை, எந்தப் பருவத்தில், எந்தக் கருவியாற் கொல்லலாம் என்பனவே அவை விடை கூறும் வினாக்கள் என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், இங்கிலாந்தின் வேட்டைச் சட்ட வரலாற்றை நுணுகி நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலனாகும். அங்கு நெடுங்காலமாகச் சட்டம் கேட்ட முதல் வினா 'எதைக் கொல்லலாம்?' என்பதன்று, 'யார் கொல்லலாம்?' என்பதேயாகும். முயல், கவுதாரி முதலிய சிற்றுயிர்களைப் பற்றிய இச்சட்டங்களின் வரலாறு, உண்மையில் நிலவுடைமையின் வரலாறு எனலாம்.

நோர்மானிய மன்னர் காலத்தில் வேட்டைக் காடுகள் அரசனின் தனியுரிமையாக இருந்தன. மான் வேட்டையாடியதற்காக எவரும் உயிரையோ உறுப்பையோ இழத்தலாகாது என 1217ஆம் ஆண்டின் காட்டுச் சாசனம் விதித்தது. அதற்கு முன்னர் நிலவிய தண்டனையின் கொடுமையை இவ்விதியே உணர்த்துகின்றது. 1381ஆம் ஆண்டுக் குடியானவர் கிளர்ச்சிக்குப் பின்னர், இரண்டாம் றிச்சேட் மன்னனின் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டமொன்று, ஆண்டுக்கு நாற்பது சிலிங் வருமானந் தரும் நிலம் இல்லாத குடிமக்கள் வேட்டைநாயும் வலையும் வைத்திருத்தலைத் தடை செய்தது. வேட்டை என்ற போர்வையில் மக்கள் கூடிச் சதி செய்கின்றனர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. முயலைக் காப்பதன்று, மக்கள் கூட்டத்தைத் தடுப்பதே அங்கு நோக்கமாயிருந்தமை கவனிக்கற்பாலது.

இவ்வரலாற்றின் திருப்புமுனையாக அமைந்தது 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டமாகும். ஆண்டுக்கு 100 பவுண் வருமானந் தரும் சொந்த நிலமோ, 150 பவுண் பெறுமதியான நீண்டகாலக் குத்தகை நிலமோ உடையவரும், உயர்குடிப் பெருமக்களின் மூத்த மைந்தருமே சிறுவேட்டைக்குத் தகுதியுடையோராயினர். ஏனையோர் தம் சொந்த நிலத்தில் ஓடும் முயலைத்தானும் கொல்லுதல் குற்றமாயிற்று. பெருஞ்செல்வம் படைத்த இலண்டன் வணிகனும், நிலம் இல்லாதவனாயின், இத்தகுதியைப் பெறவில்லை. நிலப்பிரபுக்கள் வேட்டைக் காவலரை நியமித்து, தகுதியற்றோரின் துப்பாக்கிகளையும் நாய்களையும் வலைகளையும் பறிமுதல் செய்யவும் அதிகாரம் பெற்றனர்.

அக்காலத்தில், நாற்பது சிலிங் வருமானந் தரும் நிலமுடையவன் பாராளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தெரிவு செய்ய வாக்களிக்கலாம். கவுதாரியொன்றைச் சுடுவதற்கோ அதனைப்போல் ஐம்பது மடங்கு உடைமை வேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற சட்ட அறிஞரான பிளாக்ஸ்ரன் இம்முரண்பாட்டை எடுத்துக்காட்டிக் கண்டித்தார். நாட்டை ஆள்வோரைத் தெரிவதினும் கவுதாரியைச் சுடுவது பெரிய உரிமையாக மதிக்கப்பட்ட சமுதாயம் அது.

சட்டத்தை இயற்றியோரும் அதனை நடைமுறைப்படுத்தியோரும் ஒரே வகுப்பினராயிருந்தமை இன்னொரு சிறப்பம்சமாகும். பாராளுமன்றத்தில் அமர்ந்த நிலப்பிரபுவே ஊரில் சமாதான நீதவானாகவும் இருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, யூரிகள் இன்றி, ஒரே நீதவான் ஐந்து பவுண் தண்டமோ மூன்று மாதச் சிறையோ விதிக்க முடிந்தது. கூலியாள் ஒருவனுக்கு ஐந்து பவுண் பல மாத உழைப்பின் ஊதியமாகும். 1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. முகத்தைக் கறுப்பாக்கி மாறுவேடத்துடன் ஆயுதந் தாங்கிக் காட்டுக்குட் புகுதல் முதலாக ஐம்பதுக்கு மேற்பட்ட குற்றங்களுக்கு அது மரணதண்டனை விதித்தது. வரலாற்றாசிரியர் ஈ. பீ. தொம்சன் 1975இல் வெளியிட்ட நூலில் இச்சட்டத்தை உடைமை வகுப்பினரின் அதிகாரக் கருவியாக ஆராய்ந்தார். எனினும், சட்டம் ஆள்வோரையும் ஓரளவு கட்டுப்படுத்தவல்லது என்ற முடிவுக்கும் அவர் வந்தமை நோக்கத்தக்கது.

1755இல் வேட்டை இறைச்சியை விற்பது அனைவர்க்கும் தடை செய்யப்பட்டது. ஆயினும் நகரச் செல்வரின் விருந்துகளுக்கு அதன் தேவை குறையவில்லை. எனவே தடையே கள்ளச் சந்தையை வளர்த்தது. அதே காலத்திற் பொதுநிலங்கள் வேலியிட்டு அடைக்கப்பட்டமையால், விறகுக்கும் மேய்ச்சலுக்கும் அந்நிலங்களை நம்பியிருந்த ஏழைக் குடியானவர் வாழ்விழந்தனர். அவர்கட்கு முயல் உணவாகவும் பணமாகவும் அமைந்தது. கடவுள் படைத்த காட்டுயிர் எவனுக்கும் தனியுடைமையன்று என்ற எண்ணம் நாட்டுப்புறத்தில் ஆழ வேரூன்றியிருந்தது. சட்டம் கள்வன் எனக் கூறியவனை ஊரார் கள்வனாகக் கருதவில்லை. சட்டத்துக்கும் மக்களின் நீதியுணர்வுக்கும் இடையே ஏற்பட்ட இப்பிளவே அச்சட்டங்களின் அடிப்படைப் பலவீனமாகும்.

இப்பிளவைக் கடுந்தண்டனையால் நிரப்ப ஆட்சியாளர் முயன்றனர். நெப்போலியனுடனான போர்கள் 1815இல் முடிந்தபின் வேலையின்மை பெருக, இரவுக் கள்ளவேட்டையும் பெருகியது. 1828ஆம் ஆண்டின் இரவுக் கள்ளவேட்டைச் சட்டத்தின்படி, மூன்றாம் முறை பிடிபட்டவன் ஏழாண்டுகளுக்குக் கடல் கடந்து நாடுகடத்தப்படலாம். புதர்களிடையே கம்பி கட்டி மறைத்து வைக்கப்பட்ட பொறித்துப்பாக்கிகள், கள்ளவேட்டைக்காரனையும் வழிதவறிய சிறுவனையும் வேறுபாடின்றிச் சுட்டன. அவை 1827இலேயே தடை செய்யப்பட்டன.

சீர்திருத்தம் இரு படிகளில் வந்தது. 1831ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் நிலத்தகுதியை ஒழித்தது. கட்டணஞ் செலுத்தி அனுமதிப்பத்திரம் பெற்ற எவரும் வேட்டையாடலாம்; உரிமம் பெற்ற வணிகர் இறைச்சி விற்கலாம்; பறவைகட்கு வேட்டை விலக்குக் காலமும் வகுக்கப்பட்டது. ஆயினும் பிறர் நிலத்தில் அத்துமீறி நுழைதல் குற்றமாகவே நின்றது. அன்றியும், நிலப்பிரபுக்கள் குத்தகை உடன்படிக்கைகளில் வேட்டையுரிமையைத் தமக்கே ஒதுக்கிக்கொண்டனர். இதனால், தான் விதைத்த பயிரை முயல்களும், வளை தோண்டி வாழும் குழிமுயல்களும் தின்பதைக் குத்தகை விவசாயி கைகட்டிப் பார்த்து நிற்க நேர்ந்தது. பயிர் அவனுடையது, பயிரைத் தின்ற முயலோ பிரபுவினுடையது. 1845இல் யோன் பிறைற் தலைமையில் அமைந்த பாராளுமன்றத் தெரிகுழு இக்குறைகளை விசாரித்தது. எனினும், கிளாட்ஸ்ரன் அரசாங்கம் 1880இல் தரைவேட்டைச் சட்டத்தை நிறைவேற்றிய பின்னரே, நிலத்தைப் பயிரிடுவோர் முயலையும் குழிமுயலையும் கொல்லும் உரிமையைப் பெற்றனர். எந்த உடன்படிக்கையாலும் பறிக்கமுடியாத உரிமை என்பதே அதன் சிறப்பாகும்.

கருவியைப் பற்றிய சட்டம் இவ்வரலாற்றிற் பிந்தியே இடம்பெறுகின்றது. 1870ஆம் ஆண்டின் துப்பாக்கி அனுமதிப்பத்திரச் சட்டம் ஆண்டுக்குப் பத்துச் சிலிங் கட்டணம் விதித்து, காற்றுத் துப்பாக்கியையும் துப்பாக்கி என்ற வரையறைக்குள் அடக்கியது. இன்றோ இங்கிலாந்தில் 12 அடி-இறாத்தல் வலுவுக்கு மேற்படாத சாதாரண காற்றுத் துப்பாக்கிக்குச் சான்றிதழ் தேவையில்லை. அதனைக் கொண்டு குழிமுயலைச் சுடலாம். ஆனால், நிலத்துக்கு உரியவரின் அனுமதியின்றிச் சுடல் இயலாது. வேட்டைக்குரிய பழைய அனுமதிப்பத்திரங்கள் 2007இல் ஒழிக்கப்பட்டும், 1831ஆம், 1880ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் திருத்தங்களுடன் நின்று நிலவுகின்றன. கருவிக்கு அனுமதி வேண்டாம், நிலத்துக்கு வேண்டும் என்னும் இந்நிலை, நீண்ட வரலாறொன்றின் எச்சமாகும்.

இவ்வரலாறு இலங்கையராகிய நமக்கும் புறம்பானதன்று. இங்கும் வேட்டை பற்றிய சட்டங்கள் பிரித்தானியர் ஆட்சியிலேயே உருப்பெற்றன. 1894இல் இங்கு தோன்றிய வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கமும் வேட்டைப் பிரியர்களாலேயே அமைக்கப்பட்டது. காட்டுயிர்களைக் காத்தல் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பாதுகாப்பு என்ற சொல்லைச் சட்டமொன்றிற் காணும்போது, எது பாதுகாக்கப்படுகின்றது என்பதோடு, எவரிடமிருந்து, எவருக்காக என்ற வினாக்களையும் வரலாற்று மாணவர் எழுப்புதல் வேண்டும். இங்கிலாந்தின் முயல் சாவிலிருந்து காக்கப்படவில்லை. ஏழையின் கையிலிருந்தே காக்கப்பட்டது. மக்களின் நீதியுணர்வோடு பொருந்தாத அக்காவலை, நாடுகடத்தலாலும் பொறித்துப்பாக்கியாலும் நிலைநிறுத்த முடியாமற் போனமையே இச்சட்டங்களின் வரலாறு தரும் படிப்பினையாகும்.