இறை முதல் சன்ஷேடு வரை

கூரையின் தாழ்ந்த விளிம்புக்குச் சங்கத் தமிழில் பெயர் 'இறை'. விளிம்பு குறுகிய குடிசையைக் 'குறியிறை' என்ற அடைமொழி சேர்த்துச் சொன்னார்கள். பின்னாளில் அது இறப்பு, இறவாரம் என வழங்கியது. மலையாளத்தில் 'இறயம்' ஆகி, அந்த விளிம்பின் கீழுள்ள திண்ணையையும் குறித்தது. 'தாழ்வாரம்' என்பதும் தாழ்ந்து சரிவதுதான்; மலையடிச் சரிவுக்கும் அதே பெயர். இந்தச் சொற்களிலெல்லாம் நிழல் கூரையின் உடம்பிலேயே இருக்கிறது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கார் நிக்கோபாரின் வட்டக் குடிசையில் இந்த இறை முழுவதுமாக இறங்கிவிடும். தேன்கூடு போன்ற ஓலைக்கூரையே சுவரையும் மூடிக்கொள்ள, கால்கள் மேல் நிற்கும் தளத்தின் இடுக்கு வழியே காற்று ஏறும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அங்கே வந்த இடைக்காலக் குடியிருப்புகள் தகரத்தால் ஆனவை. வெயிலை வாங்கி உள்ளே இறக்கின.

கான்கிரீட் வந்தபோது நிழல் கூரையை விட்டுப் பிரிந்து, ஜன்னல் தலையில் ஒட்டிய பலகை ஆனது. அதுதான் சன்ஷேடு; மேஸ்திரி வாயில் 'சன்சைடு', அந்தமானின் பொதுமொழியான இந்தியில் 'சஜ்ஜா'. எந்தத் திசை ஜன்னலானாலும் ஒரே அளவில் வார்த்துவிடுகிறோம். வெயில் அப்படி வருவதில்லை.

அந்தமானில் உள்ள போர்ட் பிளேர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 11.7 பாகை வடக்கே உள்ளது. ஏப்ரல் பிற்பாதி முதல் ஆகஸ்ட் பிற்பாதி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்பதால், அந்த மாதங்களில் வெயில் வடக்கு ஜன்னலைத் தொடும். 1 அடி நீட்டினாலே 4 அடி உயர ஜன்னலுக்கு உச்சிவேளையில் நிழல் கிடைக்கும். தெற்கில் டிசம்பர் வெயில் தாழ்வானது. 2 அடி நீட்டினால்தான் 2.8 அடிச் சுவர் மறையும். மேற்கில் சாயங்கால வெயிலைப் பலகை தடுக்காது. அங்கே தாழ்வாரம், தட்டி, மரம் இவற்றில் ஒன்று வேண்டும். உள்ளே திரை போடுவது பாதி வேலைதான். கண்ணாடியைக் கடந்த வெப்பம் அறையிலேயே தங்கிவிடும். வெயிலை வெளியிலேயே நிறுத்த வேண்டும்.

இரு பருவமழையும் பெய்யும் இத்தீவுகளில் சுவரைக் காப்பதும் இதே இறைதான். ஆகவே வீட்டு வரைபடத்தில் சன்ஷேடுக்கு ஒரே அளவைப் போடாமல், ஒவ்வொரு திசைக்கும் தனி அளவு கேட்டு வாங்குங்கள். மேற்கே கூரையையே இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். மின்விசிறி சுழல்வதற்கு முன்பே வீடு குளிரத் தொடங்கும்.