கடைசி குண்டு

துப்பாக்கி சுடுதல்னு சொன்னா நம்மள்ல பல பேருக்கு 2008 பெய்ஜிங், அபினவ் பிந்த்ரா, தங்கம், அவ்வளவுதான் ஞாபகம் வரும். நானும் பிந்த்ராவைப் பத்தித்தான் படிக்க ஆரம்பிச்சேன். ஆனா படிக்கப் படிக்க மனசுல உட்கார்ந்துகிட்டது வேற ஒருத்தர். மேட் எம்மன்ஸ், அமெரிக்கர்.

முதல்ல ஏதென்ஸ், 2004. 50 மீட்டர் ரைஃபிள்ல மூணு நிலைப் போட்டி. படுத்து, நின்னு, மண்டியிட்டு ஒவ்வொண்ணுலயும் 40 குண்டு, ஆக 120. இது தகுதிச் சுற்று. முதல் எட்டு பேர் இறுதிச் சுற்றுல நின்னுகிட்டே இன்னும் 10 குண்டு சுடணும். அப்போ இருந்த விதிப்படி ரெண்டையும் கூட்டித்தான் பதக்கம். பத்துப் புள்ளி வட்டத்தோட விட்டம் 10.4 மில்லிமீட்டர். 50 மீட்டர் தள்ளி நின்னு அதைப் பாருங்க, அப்பத் தெரியும். நெஞ்சு துடிச்சாலே குழாய் முனை ஆடும்.

129 குண்டு முடிஞ்சாச்சு. எம்மன்ஸ் மூணு புள்ளி முன்னிலை. கடைசி குண்டைச் சுமாரா சுட்டாலே தங்கம். சுட்டார். பலகையில மதிப்பெண்ணே வரலை. மிஷின் கோளாறுன்னு நினைச்சு நடுவர்கள் பக்கம் திரும்பிக் கை காட்டுறார். அப்புறம்தான் விஷயம் புரிஞ்சது. அவர் நின்னது இரண்டாவது லேன், குண்டு போனது மூணாவது லேன் இலக்குக்கு! அங்க 8.1. தன் இலக்குல பட்டிருந்தா அதுவே தங்கத்துக்குப் போதும். ஆனா கணக்குல பூஜ்யம். முதல் இடத்துல இருந்தவர் எட்டாவது. தங்கம் சீனாவோட ஜியா சான்போவுக்கு.

இது எப்படி நடந்ததுன்னு எம்மன்ஸே பின்னாடி சொல்லியிருக்கார். வழக்கமா ரைஃபிள் சைட் வழியா (நீங்க நினைக்கிற சைட் இல்லை :-)) முதல்ல இலக்குக்கு மேல இருக்கிற எண்ணைப் பார்த்துட்டு, அப்புறம் மெதுவா கீழ இறங்கிக் கறுப்பு வட்டத்துக்கு வருவாராம். அன்னிக்குத் தன்னை அமைதிப்படுத்திக்கிறதுலயே கவனம் இருந்ததால, நேரா வட்டத்துக்குப் போயிட்டார். எண்ணைப் பார்க்கிற அந்த ஒரு சின்ன வேலை விட்டுப்போச்சு. கை நடுங்கலை, குறி தப்பலை. ஒரு படி குறைஞ்சுது, அவ்வளவுதான்.

சரி, நாலு வருஷம் கழிச்சு பெய்ஜிங். அதே போட்டி, மறுபடியும் 129 குண்டுக்கு அப்புறம் 3.3 புள்ளி முன்னிலை. 6.7 எடுத்தாலே தங்கம்னு முடிவுகளைக் கூட்டிப் பார்த்தா தெரியுது. இந்த தடவை இலக்கு சரியானதுதான். ஆனா துப்பாக்கியைக் குறிக்கு இறக்கிட்டு வரும்போதே விரல் விசையில பட்டு வெடிச்சிருச்சு. 4.4. நாலாவது இடம். தங்கம் சீனாவோட சியூ ஜியானுக்கு.

இதுக்கப்புறம் உலகமே அவருக்கு ஒரு முத்திரை குத்திருச்சு: 'கடைசி நேரத்துல சொதப்புறவர்.' நம்ம ஊர் டீக்கடையில சொல்ற மாதிரி, "பிரஷர் தாங்க மாட்டான்பா." கிரிக்கெட்ல நாம எத்தனை பேருக்கு இந்தத் தீர்ப்பை எழுதியிருக்கோம்! இந்தத் தீர்ப்பு சரிதானான்னு பார்க்கத்தான் இந்தப் பதிவே.

இந்த விஷயத்தை 1898-லயே ஆராய ஆரம்பிச்சுட்டாங்க. நார்மன் டிரிப்லெட்னு ஒரு அமெரிக்கர். சைக்கிள் பந்தயப் பதிவுகளைப் புரட்டினவர், தனியா ஓட்டுறதைவிட பக்கத்துல ஆள் இருந்தா வேகம் கூடுதுன்னு கவனிச்சார். அப்புறம் சின்னப் பிள்ளைங்ககிட்ட மீன்பிடி ராட்டினத்தைக் கொடுத்துச் சுத்தச் சொன்னார். போட்டின்னு வந்ததும் பல பிள்ளைங்க வேகமாச் சுத்துச்சு. ஆனா சில பிள்ளைங்க பரபரப்புல தடுமாறி மெதுவாயிருச்சு. அதாவது, போட்டி ஒரே சமயத்துல ஏத்தியும் விடும், இறக்கியும் விடும். இது நூத்தி இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேலான சமாச்சாரம்.

1984-ல ராய் பாமைஸ்டர்ங்கிற உளவியல்காரர் அடுத்த படி போனார். நல்லாப் பழகின வேலையைக் கை தானாகவே செய்யும். முக்கியமான நேரத்துல 'சரியாச் செய்யணுமே'ன்னு நாமளே உள்ள புகுந்து மேற்பார்வை பார்க்க ஆரம்பிச்சா, அந்த ஓட்டம் கெட்டுப்போகும்னார். மாடிப்படி இறங்கும்போது எந்தக் கால் முதல்ல வைக்கிறோம்னு யோசிச்சுப் பாருங்க, தடுக்கும். நான் சுமாரா கேரம் ஆடுறவன். சுத்தி நாலு பேர் நிக்கும்போது சிவப்புக் காய்க்கு முன்னாடி என் விரலையே நான் பார்க்க ஆரம்பிச்சேன்னா, அந்தக் காய் கண்டிப்பா விழாது.

கவனம் உள்பக்கம் அதிகமாப் போனாலும் கெடும், வெளியில பதக்கத்துக்குப் போனாலும் கெடும். ஏதென்ஸ்ல எம்மன்ஸ் தன் பதட்டத்தைப் பார்த்தார், எண்ணைப் பார்க்கலை.

இப்ப பிந்த்ராவுக்கு வருவோம். அவருக்கும் ஏதென்ஸ் ஒரு காயம்தான். 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல 597 எடுத்து மூணாவதாத் தகுதி பெற்று, இறுதியில ஏழாவதா முடிச்சார். அவர் நின்ன இடத்துல தரை ஓடு ஒண்ணு ஆடிக்கிட்டிருந்ததுன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. பெய்ஜிங்குக்கு முன்னாடி மனசைப் பழக்க, ஜெர்மனியில ஒரு உயரமான கம்பத்துல ஏறி, உச்சியில பீட்சா அளவே இருக்கிற தட்டு மேல நின்னார். பயத்தைத் துரத்த இல்லை, பயத்தோட நிக்கப் பழக.

2008 ஆகஸ்ட் 11. நாலாவதாத் தகுதி, 596. இறுதிச் சுற்றுக்கு முன்னாடி சும்மா சுட்டுப் பார்க்கிற குண்டு 4 பக்கம் போய் விழுது. சைட் மாறியிருக்கு! இருந்த கொஞ்ச நேரத்துல சரி பண்ணினார். முதல் குண்டு 10.7. ஒன்பது குண்டு முடியும்போது அவரும் பின்லாந்தோட ஹென்றி ஹக்கினனும் சரிசமம். கடைசி குண்டு, ஹக்கினன் 9.7, பிந்த்ரா 10.8. மொத்தம் 700.5. இந்தியாவோட முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். சொந்த மண்ணுல வெள்ளிக்கு இறங்கின சீனாவோட சூ சினான் மேடையிலேயே அழுதார்.

ஆஹா, பிந்த்ரா இரும்பு மனசு, எம்மன்ஸ் பலவீனம்னு முடிச்சுரலாமா? அவசரப்படாதீங்க. 2016 ரியோவுக்கு வாங்க. அதே பிந்த்ரா, மூணாவது இடத்துக்கு உக்ரைனோட குலிஷோட 163.8-ல சமம். ஒரே ஒரு குண்டு. குலிஷ் 10.5, பிந்த்ரா 10.0. நாலாவது இடம். எட்டு வருஷத்துல இரும்பு துருப்பிடிச்சிருச்சா? 10.0-ங்கிறது சொதப்பலே இல்லையே. அன்னிக்கு அடுத்தவர் இன்னும் கொஞ்சம் நல்லாச் சுட்டார்.

எம்மன்ஸ் கதையிலயும் இன்னொரு பக்கம் இருக்கு. அதே ஏதென்ஸ்ல, 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில தங்கம் வாங்கினவர் அவர். அதுவும் இரவல் துப்பாக்கியில. அவரோடதை யாரோ முன்னாடியே வேணும்னே கெடுத்து வச்சிருந்தாங்க. ஏதென்ஸ்ல அந்தப் பூஜ்யத்துக்கு அப்புறம் ஆறுதல் சொல்ல வந்த செக் நாட்டு வீராங்கனை கேத்தரீனாவைத்தான் 2007-ல கல்யாணம் பண்ணிக்கிட்டார். பெய்ஜிங் ஒலிம்பிக்கோட முதல் தங்கம் அந்தம்மாவுக்குத்தான். 2010-ல எம்மன்ஸுக்குத் தைராய்டு புற்றுநோய், அறுவை சிகிச்சை. 2012 லண்டன்ல மறுபடியும் அதே மூணு நிலை இறுதிச் சுற்று, மறுபடியும் கடைசி குண்டு. 7.6. வெள்ளியில இருந்து வெண்கலத்துக்கு இறங்கினார். ஆனா இந்த தடவை மேடையில நின்னார்.

கணக்குப் போட்டுப் பாருங்க. மூணு ஒலிம்பிக், தடவைக்கு 130 குண்டு, மொத்தம் 390. நாம ஞாபகம் வச்சிருக்கிறது அதுல மூணே மூணு. மீதி 387 குண்டும் அதே ஒலிம்பிக்ல, அதே கூட்டத்துக்கு முன்னாடி, அதே நெஞ்சுத் துடிப்போட சுட்டதுதானே? அந்த பிரஷரைத் தாங்காதவரா மூணு தடவையும் 129 குண்டு வரைக்கும் பதக்க இடத்துல நின்னார்?

2013-ல இருந்து விதி மாறிருச்சு. இறுதிச் சுற்றுல எல்லாருக்கும் பூஜ்யத்துல இருந்து கணக்கு. 120 குண்டு சுட்டுச் சேர்த்த முன்னிலை இனி யாருக்கும் கிடையாது.

என் வரைக்கும், பெரிய போட்டியில நல்லா ஆடுறதுன்னா பயமே இல்லாம ஆடுறது இல்லை. பயம் இருக்கும்போதும் அந்த எண்ணைப் பார்க்கிற வேலையை விடாம செய்யிறது. அது ஒரு நாள் கைகூடும், ஒரு நாள் நழுவும். நழுவின நாளை வச்சு ஒரு ஆளோட மனசையே எடை போடுறது நியாயமாத் தெரியலை எனக்கு.

"பிரஷர் தாங்க மாட்டான்"னு நாம முத்திரை குத்தி மூலையில வச்ச ஆட்டக்காரங்க உங்க பட்டியல்ல யாரெல்லாம்? மத்த 129-ஐயும் எண்ணிப் பார்த்துட்டு, பின்னூட்டத்துல சொல்லுங்க.