சிறுத்த இரைப்பை, மாறாத வேலைநேரம்: எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் மலையகத்து உணவு

எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவருக்குக் கொடுக்கப்படும் உணவு அட்டவணை உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் இரண்டு வாரம் நீராகாரம், அடுத்த இரண்டு வாரம் கூழ்ப்பதம், பிறகு குழைந்த சாப்பாடு, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் வழமையான உணவு. நாளுக்கு ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். புரதம் குறைந்தது 60 கிராம் வேண்டும். சாப்பாட்டோடு எதையும் குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் விட்டுத்தான் குடிக்கலாம். சீனியைத் தவிர்க்க வேண்டும். மருத்துவ நோக்கில் இதில் பிழை சொல்ல எதுவுமில்லை. ஆனால் தன் நாளைத் தானே பங்கிட்டுக்கொள்ளக்கூடிய ஒருவரை, தன் சமையலைத் தானே தீர்மானிக்கும் ஒருவரை, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவர யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஒருவரை மனத்தில் வைத்தே அது எழுதப்பட்டிருக்கிறது.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையில், கடல் மட்டத்திலிருந்து 4000 அடிக்கு மேலே இருக்கிறது வட்டகொடை. ஒரு புகையிரத நிலையம், சிறு கடைவீதி, சுற்றிலும் தேயிலை மலைகள், அவற்றின் மடிப்புகளில் தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளான லயங்கள். இந்தச் சத்திரசிகிச்சை நடப்பது பெரும்பாலும் கொழும்பில். குணமடைய வேண்டியது இங்கே, லயத்துக் குசினியிலும் கொழுந்து மலையிலும். சத்திரசிகிச்சைக்குப் பின் உணவு கட்டுக்குள் வராமல் போனால் அதை நோயாளியின் மனவுறுதிக் குறைவு என்று எழுதிவிடுவது வழக்கம். தோட்டத்து வாழ்வைப் பொறுத்தவரை அந்த விளக்கம் தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். சத்திரசிகிச்சை இரைப்பையை மாற்றுகிறது. சாப்பாட்டின் நேரத்தையும் பொருளையும் தீர்மானிக்கும் தோட்ட ஒழுங்கு அப்படியே நிற்கிறது. மாறாமல் நிற்பதைக் கணக்கில் எடுக்காமல் மாறியதைப் பராமரிக்க முடியாது.

குழந்தைகள் வளர்ச்சி குன்றிக் கிடக்கும் இடத்தில் எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதமளவினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். தோட்டத்துறையில் அது 32 சதவீதத்தை ஒட்டியிருந்தது. ஆனால் வளர்ச்சி குன்றலும் உடற்பருமனும் எதிரெதிர்ப் பிரச்சினைகள் அல்ல. டேவிட் பார்க்கரும் நிக்கலஸ் ஹேல்ஸும் 1992 இல் முன்வைத்த கருதுகோள் நாமறிந்ததே: கருவில் பட்டினி கண்ட உடல் சிக்கனத்துக்குப் பழகிப் பிறக்கிறது, பிற்காலத்தில் மாவும் சீனியும் தாராளமாகக் கிடைத்தால் அதே சிக்கனம் நீரிழிவாகவும் வயிற்றுக் கொழுப்பாகவும் திரும்புகிறது. 1944, 45 குளிர்காலத்தில் பட்டினியில் வாடிய நெதர்லாந்துத் தாய்மாரின் பிள்ளைகளிடம் இது அளந்தே காட்டப்பட்டது. மலையகத்துக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. 1973, 74 ஆம் ஆண்டுகளில் அரிசிப் பங்கீடு வெட்டப்பட்டு, மாவும் சீனியும் தட்டுப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அப்போது கருவில் இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பது வயதளவில் இருக்கும். நீரிழிவு தலைகாட்டும் வயது அது. அந்தப் பட்டினிக்கும் இந்த நீரிழிவுக்கும் தொடர்பு உண்டு என்பது எனது அனுமானம். அளந்து பார்க்கத் தகுந்த அனுமானம். ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 27.5 இலிருந்தே இந்தச் சத்திரசிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று 2022 இல் சர்வதேசச் சத்திரசிகிச்சைச் சங்கங்கள் வழிகாட்டியை மாற்றியதற்கும் காரணம், நம் உடல்கள் குறைந்த பருமனிலேயே நோய்ப்படுகின்றன என்பதுதான். பார்வைக்குக் குண்டாகத் தெரியாத ஒருவருக்கும் இந்தச் சிகிச்சை இனிப் பரிந்துரைக்கப்படலாம்.

பசியின் உடலியல் மனவுறுதி பற்றிய பேச்சை ஏற்கெனவே பலவீனப்படுத்திவிட்டது. 1960களில் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சையைத் தொடங்கியபோது, வயிறு சிறுத்தால் சாப்பாடு குறையும் என்ற எளிய கணக்கே அடிப்படையாக இருந்தது. 1999 இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கிரெலின் என்ற ஓமோனைக் கண்டறிந்தார்கள். பசியைத் தூண்டும் இது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து டேவிட் கம்மிங்ஸ் குழுவினர் வெளியிட்ட முடிவு முக்கியமானது. உணவைக் குறைத்து எடை இழந்தவர்களின் குருதியில் கிரெலின் 24 சதவீதம் கூடியிருந்தது. மாற்றுவழிச் சத்திரசிகிச்சை செய்தவர்களிடமோ சாதாரண எடையுள்ளவர்களை விட 77 சதவீதம் குறைவாக இருந்தது. பட்டினி கிடந்து மெலிந்தவரை உடல் மீண்டும் சாப்பிடச் சொல்லித் துரத்துகிறது என்பது அதன் பொருள். இன்று அதிகமாகச் செய்யப்படும் குழாய்வடிவச் சத்திரசிகிச்சையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதம் அகற்றப்படுகிறது. கிரெலின் சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போகிறது. குடலிலிருந்து வரும் நிறைவு ஓமோன்களும் கூடுகின்றன. முதல் ஆறு மாதம் பலருக்குப் பசியே தெரிவதில்லை. பசியில்லாமல் சாப்பிட வேண்டியிருப்பது எவ்வளவு கடினம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஓரிரு ஆண்டுகளில் பசி மெல்லத் திரும்பும்போது, அதைத் தோல்வி என்று நினைத்துக் கலங்குபவர்களும் அவர்களே.

இனி லயத்துக்குள் வருவோம். அங்கே முதலில் எதிர்ப்படுவது பிளேன்டீ என்ற பாலில்லாத தேநீர். விடியற்காலை பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு முன் ஒரு கோப்பை, பத்து மணிக்கு ஒன்று, மலையிலிருந்து இறங்கியதும் ஒன்று, விருந்தாளி வந்தால் இன்னொன்று. சீனி இரண்டு கரண்டி, சில வீடுகளில் மூன்று. சத்திரசிகிச்சை செய்த உடலுக்கு இந்தக் கோப்பை மூன்று வகையில் இடைஞ்சல். ஒன்று சீனி. சிறுத்த அல்லது திசைமாற்றப்பட்ட இரைப்பை சீனிக் கரைசலைப் பிடித்துவைப்பதில்லை. அது நேராகக் குடலில் போய் விழுகிறது. அரை மணிக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு பொருமும். அதைவிட ஆபத்தானது பின்னால் வருவது: ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் இன்சுலின் மிகைப்பட்டுக் குருதியில் சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கிக் கண் இருட்டும். மாற்றுவழிச் சத்திரசிகிச்சையில் இது கூடுதல், குழாய்வடிவத்திலும் உண்டு. ஆறு மணிக்குக் குடித்த இனிப்புத் தேநீரின் பின்விளைவு எட்டு மணிக்கு, செங்குத்தான மலையில், முதுகில் கூடையோடு நிற்கையில் வரும்.

இரண்டாவது இடைஞ்சல் தேயிலையிலேயே இருக்கிறது. அதிலுள்ள பொலிபீனோல்கள் தாவர உணவின் இரும்பைப் பற்றிக்கொள்கின்றன. சாப்பாட்டோடு குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது பாதிக்கும் கீழே போய்விடும். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை பழைய நோய். சத்திரசிகிச்சையோ இரும்பைக் கரைக்கும் அமிலத்தைக் குறைக்கிறது; மாற்றுவழியில் இரும்பு முக்கியமாக உறிஞ்சப்படும் முன்சிறுகுடலையே தாண்டிச் செல்கிறது. ஏற்கெனவே வறண்ட கிணற்றில் ஊற்றுக்கண்ணையும் அடைப்பது போல இது. மூன்றாவது, ரொட்டியைத் தேநீரில் தோய்த்தோ தேநீரைக் குடித்துக்கொண்டோ சாப்பிடும் பழக்கம். திரவம் திடவுணவைத் தள்ளிக்கொண்டு போக, நிறைவு வருமுன் இரைப்பை காலியாகிறது.

ஆகவே தேநீரை விட்டுவிடுங்கள் என்று சொல்லலாமா? சொல்பவர் வட்டகொடையில் ஒரு டிசம்பர் விடியலைக் கண்டிருக்க மாட்டார். எடை வேகமாகக் குறைந்தவருக்குத் தோலடிக் கொழுப்பு குறைந்துவிடுகிறது, உடலின் ஓய்வுநிலை வெப்ப உற்பத்தியும் தாழ்கிறது. முன்பு தாங்கிய குளிர் இப்போது எலும்பில் இறங்கும். சூடான கோப்பை அவருக்கு மருந்துபோலத் தேவைப்படும். செய்யக்கூடியது இவ்வளவே: சீனியைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது, சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுவது, இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதிருப்பது. இஞ்சியோ கொத்தமல்லியோ போட்ட வெந்நீர் குளிருக்கு ஈடுகொடுக்கும். இவை பெரிய ஆலோசனைகள் அல்ல. ஆனால் வழக்கமான அட்டவணையில் இல்லாதவை.

ரொட்டியின் கதை வேறு. கோதுமை மா தோட்டத்து அன்றாட உணவானது ருசியால் மட்டும் அல்ல. மலிவாகவும் பங்கீட்டிலும் கிடைத்தது, விறகடுப்பில் விரைவாக வெந்தது, தாளில் சுற்றி மலைக்கு எடுத்துப்போக முடிந்தது, மத்தியானம் வரை வயிற்றில் நின்றது. சத்திரசிகிச்சைக்குப் பின் அந்தக் கடைசிக் குணமே சிக்கல். பிசைந்த மாவின் இழுவை சிறுத்த இரைப்பையின் வாயில் போய் ஒட்டி நிற்கிறது; நெஞ்சில் அடைத்து வாந்தியாக முடிகிறது. பாணும் குழைந்த வெள்ளைச் சோறும் சிலருக்கு அப்படித்தான். வாந்தி நீடித்தால் தயமின் என்ற விற்றமின் பி1 சில வாரங்களிலேயே தீர்ந்து, நடை தள்ளாடவும் பார்வை இரட்டிக்கவும் தொடங்கும். இது அவசர நிலை. தீட்டிய அரிசியும் வெள்ளை மாவுமே உணவாக இருந்த ஒருவரிடம் தயமின் இருப்பு முதலிலேயே குறைவாக இருக்கக்கூடும். “சாப்பாடு ஒத்துக்கல, போகப் போகச் சரியாகும்” என்று வீட்டில் சமாதானம் சொல்லிக் காத்திருக்கக் கூடாத இடம் இதுதான்.

60 கிராம் புரதம் லயத்தில் சாத்தியமா என்று நான் கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டு முட்டையில் 12 கிராம். 30 கிராம் சோயாமீட்டில் 15. ஐம்பது கிராம் பருப்பை நன்றாகக் கடைந்தால் 12. 25 கிராம் நெத்தலிக் கருவாட்டை ஊறவைத்து உப்பு நீக்கிப் பொடித்தால் ஏறத்தாழ 15. இரண்டு மேசைக்கரண்டிப் பால்மாவில் 5. ஆக 59. சந்தையில் டப்பாவில் விற்கும் வெளிநாட்டுப் புரத மாவு தேவையில்லை. வட்டகொடைக் கடைவீதியிலேயே எல்லாம் கிடைக்கும். ஆனால் இந்தப் பட்டியல் ஒருவருக்கு மட்டுமானது, நாள்தோறும் வேண்டியது. நாட்சம்பளம் 2021 இல் வர்த்தமானி மூலம் 1000 ரூபாயாகவும் 2024 இல் 1350 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது உண்மை. இடையில் 2022 பொருளாதார நெருக்கடி மாவு, பருப்பு, பால்மா விலைகளை எங்கே கொண்டுபோனது என்பதும் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் வளரும் பிள்ளைகள் இருக்கையில் எந்தத் தாய் இரண்டு முட்டையையும் தன் தட்டில் வைத்துக்கொள்வாள்? எல்லோருக்கும் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடும் தாய்மாரின் பழக்கம் சத்திரசிகிச்சையால் மாறிவிடாது. உணவு ஆலோசனைக்கு நோயாளியை மட்டும் அழைக்காமல் கணவரையும் மாமியாரையும் சேர்த்து அழைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மலையில் நிலைமை இன்னும் கடுமை. நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். முழுப்பேர் வேண்டுமானால் நிறுத்தக் கூடாது. இரண்டு மணிக்கொரு தடவை உட்கார்ந்து, இருபது தடவை மென்று, இருபது நிமிடம் எடுத்துச் சாப்பிட அங்கே எவருக்கு நேரம்? தண்ணீர் இன்னும் சிக்கலானது. ஒரே மூச்சில் குடிக்க முடியாத இரைப்பைக்கு நாள் முழுவதும் மிடறு மிடறாக ஒன்றரை லீற்றராவது போக வேண்டும். கொழுந்து மலைகளில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் வேலை முடியும் வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பதையே பலர் பழக்கமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் நீரிழப்பு, சிறுநீரகக் கல், மலச்சிக்கல் வந்தால் அதற்கு நோயாளியின் கவனக்குறைவைக் காரணம் காட்டுவது அநியாயம்.

உடல் மாறுவதை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதும் உணவைத் தொடுகிறது. பட்டினியை நினைவில் வைத்திருக்கும் சமூகத்தில் சதைப்பிடிப்பு நலத்தின் அடையாளம். மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் தலைமுடி கொத்தாகக் கொட்டும், கன்னம் ஒட்டும், கையிலும் வயிற்றிலும் தோல் தொங்கும். “சீக்கு வந்தவ மாதிரி ஆயிட்டியேம்மா” என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி சோறு போட்டுக் கொடுப்பாள். அது அன்புதான். முடி பெரும்பாலும் திரும்ப முளைக்கும், புரதமும் இரும்பும் சரியாக இருந்தால். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிப் பயம் போய்விடும். இளம் பெண்களுக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்று: எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், ஆனால் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. ஆண்களுக்குச் சொல்ல வேண்டியது சாராயம் பற்றி: மாற்றுவழிச் சத்திரசிகிச்சைக்குப் பின் அது வேகமாகக் குருதியில் ஏறும், இரண்டாம் ஆண்டிலிருந்து அடிமைப்படும் ஆபத்து கூடுகிறது என்பதை அமெரிக்கத் தொடராய்வு ஒன்று 2012 இல் காட்டியது.

பராமரிப்பு வாழ்நாள் முழுவதற்குமானது. ஈமோகுளோபின், பெரிற்றின், பி12, விற்றமின் டி, கல்சியம் ஆகியவற்றை ஆண்டுக்கொரு முறையாவது பார்க்க வேண்டும். இதற்காகக் கொழும்புக்குப் போய்வர ரயிலில் ஒரு முழு நாளும், அதோடு ஒரு நாள் பேரும் போகும். அதனால்தான் இரண்டாம் ஆண்டில் வரவு நின்றுவிடுவதை நோயாளியின் அலட்சியம் என்று நான் எண்ணமாட்டேன். குருதி மாதிரியை நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் எடுக்கலாம். பி12 ஊசியைத் தோட்ட வைத்திய உதவியாளரே போடலாம். முடிவுகளைத் தொலைபேசியில் சத்திரசிகிச்சைக் குழுவுக்குச் சொல்லலாம். சத்திரசிகிச்சை செய்யும் நிலையம் விடுவிப்பு அட்டையோடு தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு கடிதம் தர வேண்டும்: முதல் ஆறு மாதம் இலேசான வேலை, பேர் வெட்டாமல் நாளுக்கு இரண்டு சிறு இடைவேளை, ஆண்டுக்கொரு முறை சம்பளத்தோடு பரிசோதனை நாள். பிரசவத்துக்குப் பின் தாய்மாருக்கு இலேசான வேலையும் பாலூட்டும் இடைவேளையும் தர வேண்டும் என்ற விதியைத் தோட்டங்கள் ஏற்கெனவே அறியும். அந்த விதியை இவர்களுக்கும் நீட்டுவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, வைத்திய அதிகாரியின் கையெழுத்தும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் ஒப்புதலும் போதும்.