தோற்றவர் காத்த மரபு

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரை வட்டத்தில் அமைந்துள்ள கல்லாவி, 1965 வரை சேலம் மாவட்டத்திலும் அதன்பின் 2004 வரை தருமபுரி மாவட்டத்திலும் இருந்த ஊர். மாவட்டத்தின் பெயர் இருமுறை மாறியபோதும், இவ்வட்டார மக்கள் 1952 முதல் வயதுவந்தோர் வாக்குரிமையின்படி, அதாவது சொத்தும் படிப்பும் பாலினமும் பாராமல் உரிய வயது நிரம்பிய அனைவருக்கும் அளிக்கப்பட்ட உரிமையின்படி, சட்டமன்றத் தேர்தல்களில் தொடர்ந்து வாக்களித்து வந்திருக்கிறார்கள். அத்தேர்தல்களின் வரலாறு பெரும்பாலும் வென்றவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆனால் ஆட்சி கலகமின்றிக் கைமாறியதற்குத் தோற்றவர்கள் நடந்துகொண்ட விதமும் பெருங்காரணம் என்பதைத் தமிழக அரசியலின் முதல் இருபது ஆண்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

1952ஆம் ஆண்டின் முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாநிலக் காங்கிரசு 375 இடங்களுள் 152 மட்டுமே பெற்றுப் பெரும்பான்மை இழந்தது. முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜாவே திருவில்லிபுத்தூரில் தோல்வியுற்றார். புதிய அமைச்சரவை அமையும்வரை அன்றாட ஆட்சியை நடத்தும் காபந்து அரசின் பொறுப்பை நிறைவேற்றிவிட்டு, ஏப்ரல் மாதத்தில் அவர் பதவியிலிருந்து விலகினார். வயதுவந்தோர் வாக்குரிமையின்படி மக்கள் வாக்களித்து முதன்முறையாக ஒரு முதலமைச்சரை வீட்டுக்கு அனுப்பியபோது அவர் அமைதியாக விலகியது, பின்வந்தவர்களுக்கு ஒரு முன்மாதிரியாயிற்று.

அவருக்குப்பின் முதலமைச்சரான இராஜாஜி, இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர். பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் குடும்பத்தொழிலில் ஈடுபட வகைசெய்த அவருடைய கல்வித் திட்டம், குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்டதன் விளைவாக, 1954இல் அவர் பதவி விலக நேர்ந்தது. அப்போது காங்கிரசின் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்கு, அதாவது முதலமைச்சராகப் போகிறவரைக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் பதவிக்கு, காமராசரும் இராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியமும் போட்டியிட்டனர், காமராசர் வென்றார். வென்ற அவர், தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், சுப்பிரமணியத்தின் பக்கம் நின்ற பக்தவத்சலத்தையும் தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். அவர்களும் தோல்வியை மனத்தில் வைத்து ஒதுங்காமல் பொறுப்பேற்றனர். இராஜாஜியின் கல்வித் திட்டம் கைவிடப்பட்டபோது கல்வித்துறை அவருடைய ஆதரவாளரான சுப்பிரமணியத்தின் பொறுப்பில் இருந்தது என்பதை நோக்கினால், தோற்ற தரப்பு எத்துணை பெருந்தன்மையுடன் பணியாற்றியது என்பது விளங்கும்.

இதற்கு இணையான சான்றை எதிர்க்கட்சித் தரப்பிலும் காணலாம். 1962இல் திராவிட முன்னேற்றக் கழகம் 50 இடங்களைப் பெற்று வளர்ந்த வேளையில், அதன் தலைவர் அண்ணா தம் சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் தோல்வியுற்றார். கட்சி வளரத் தலைவர் தோற்பது கசப்பான நிலை. எனினும் அவர் சட்டமன்றத்தில் கட்சியை வழிநடத்தும் பொறுப்பை நெடுஞ்செழியனிடம் விட்டுவிட்டு, மாநிலங்களவைக்குச் சென்று தம் வாதத்தை அங்கே தொடர்ந்தார். ஐந்தாண்டுகள் கழித்து, 1967இல், தலைவர் தோற்கும் நிலை மறுதரப்புக்கு நேர்ந்தது. விருதுநகரில் காமராசர் ஒரு மாணவர் தலைவரான பெ. சீனிவாசனிடம் ஆயிரத்தைச் சற்றே தாண்டிய வாக்கு வேறுபாட்டில் தோற்றார். முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றார். ஆட்சி கழகத்தின் கைக்கு வந்தது. அகில இந்தியக் காங்கிரசுத் தலைவராக இருந்து இரு பிரதமர்களின் தேர்வில் முதன்மைப் பங்காற்றிய காமராசர், மக்கள் தீர்ப்பை மறுத்துப் பேசவில்லை. புதிய அரசை உடனே குறைகூறாமல் ஆறு மாதமாவது பொறுத்திருக்க வேண்டும் என்று தம் கட்சியினரிடம் கூறியதாக அக்கால நினைவுகள் சொல்கின்றன. அண்ணாவும் காமராசரின் தோல்விக்கு மகிழவில்லை என்று பலர் பதிவு செய்திருக்கிறார்கள். தேர்தலில் காங்கிரசை ஆதரித்த பெரியாரை, வென்ற கையோடு அண்ணா திருச்சிக்குச் சென்று சந்தித்ததும் இதே பண்பைச் சேர்ந்தது. காமராசர் 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் மீண்டும் மக்களிடம் சென்று வென்று, நாடாளுமன்றத்துக்குத் திரும்பினார்.

தோல்வியை ஏற்பது என்றால் குறையிருந்தும் வாய்மூடி இருப்பது என்று கொள்ளலாகாது. எண்ணிக்கையில் ஐயம் எழுந்தால் மறுஎண்ணிக்கை கோரவும், முறைகேடு நடந்ததாகக் கருதினால் முடிவு அறிவிக்கப்பட்ட 45 நாள்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடரவும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் வழிவகுத்துள்ளன. அமெரிக்காவில் 1896இல் குடியரசுத்தலைவர் தேர்தலில் தோற்ற பிரையன், வென்ற மெக்கின்லிக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பியதிலிருந்து அந்நாட்டில் தோற்றவர் வாழ்த்தும் வழக்கம் உருவானது. அது எழுதப்பட்ட சட்டமன்று. தமிழகத்திலும் அவ்வாறே, சட்டம் வழக்காடும் உரிமையைத் தந்தது. வழக்கு இல்லாதவிடத்து முடிவை மனமார ஏற்கும் பழக்கத்தைத் தலைவர்களின் நடத்தையே தந்தது.

அப்பழக்கத்தின் வலிமை இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பர்கூர்த் தொகுதியில் 1996இல் சோதிக்கப்பட்டது. பதவியிலிருந்த முதலமைச்சர் ஜெயலலிதா அங்கே தி.மு.க. வேட்பாளர் சுகவனத்திடம் தோற்றார். அவருடைய கட்சி மாநிலம் முழுவதும் நான்கே இடங்களைப் பெற்றது. அத்துணை பெரிய வீழ்ச்சிக்குப் பின்னும் ஆட்சி முறைப்படி கைமாறியது. 2001இல் மக்கள் அதே கட்சியை மீண்டும் ஆட்சிக்கு அனுப்பினர். தோற்றவருக்கு மறுவாய்ப்பு உண்டு என்ற இந்த உறுதியே தோல்வியைத் தாங்கத்தக்கதாக்குகிறது.

ஊராட்சித் தேர்தலில் தோல்வியை ஏற்கும் இப்பண்பு இன்னும் இன்றியமையாததாகிறது. தமிழகத்தில் ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னமின்றி நடப்பதால், எதிரெதிரே நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரே தெருவினராகவோ பங்காளிகளாகவோ இருக்கிறார்கள். வாக்கு எண்ணி முடிந்த மறுநாள் அவர்கள் ஒரே நியாயவிலைக் கடை வரிசையிலும் ஒரே கோயில் திருவிழாவிலும் நிற்க வேண்டியிருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், வாக்காளர் அனைவரையும் உறுப்பினராகக் கொண்ட கிராம சபையை அமைத்து, தோற்றவரும் வென்றவரைக் கேள்வி கேட்கும் இடத்தை உறுதிசெய்துள்ளது. அச்சபைக்குத் தோற்ற தரப்பு வந்து அமர்ந்து கணக்கைக் கேட்பதும், வென்ற தரப்பு தனக்கு வாக்களிக்காத தெருவுக்கும் குடிநீர்க் குழாய் பதிப்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகளாகும். இவற்றுள் ஒன்று தவறினால் மற்றொன்றும் நிலைக்காது. ஆதலால் குமாரசாமி ராஜாவும் சுப்பிரமணியமும் காமராசரும் அண்ணாவும் மாநில அளவில் நிறுவிய மரபைச் சிற்றூர் அளவில் தாங்கிநிற்க வேண்டிய பொறுப்பு, கல்லாவி போன்ற ஊர்களின் ஒவ்வொரு வேட்பாளருக்கும் உரியது.